வானொலியை வீழ்த்தியது திரையன்று

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தியாவில் வானொலி தன் செல்வாக்கை இழந்தது தொலைக்காட்சியின் கவர்ச்சியாலா, தன் சொந்தத் தயக்கத்தாலா என்பது இன்றைய வழக்கு. காதால் கேட்டதைக் கண்ணாலேயே காணலாம் என்றான பின் வானொலிப் பெட்டியை யார் சீண்டுவார் என்று கேட்டு, எதிரணியின் முதல் பேச்சாளர் கைதட்டல் வாங்கிச் சென்றார். அவர் கணக்கில் காலம் இடிக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அகில இந்திய வானொலியின் நேயர்கள் வெளியேறத் தொடங்கியதோ 1950களிலேயே. அவர்கள் தேடிப் போனது திரையை அன்று, இன்னொரு வானொலியை.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அதற்கான நேரம் சுருங்கியது. சாஸ்திரிய இசைக்கு இடம் பெருகியது. ஹார்மோனியத்துக்கே 1940இல் கதவடைத்த நிறுவனம் அது. சினிமாப் பாட்டை நடுவீட்டில் உட்கார வைத்து உபசரிக்குமா? நேயர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியில் வைத்தார்கள். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும், பின்னாளில் கே.எஸ். ராஜாவும், அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு உறவுக்காரர்கள் போல் ஆனது அப்படித்தான். சரணம் தொடங்கும் நேரம் பார்த்து அலை இறங்கும், இரைச்சல் ஏறும். பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, விட்ட இடத்திலிருந்து கேட்பார்கள். படமே இல்லாத, ஒலியும் பாதி தேய்ந்துபோன ஒரு நிகழ்ச்சிக்காக இவ்வளவு பாடுபட்டவர்களைத்தான் படத்துக்கு மயங்கி ஓடியவர்கள் என்கிறது எதிரணி. நம் வானொலி விழித்துக்கொண்டு, திரைப்பாடலுக்கு இடம் தரும் விவித் பாரதி என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது 1957 அக்டோபரில்; அதில் விளம்பரத்துக்கு இடம் தர மேலும் 10 ஆண்டுகள் ஆயின.

அடுத்து, தூர்தர்ஷன். அது 1976 வரை அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை எதிரணி வசதியாக மறந்துவிட்டது. தனிக்குடித்தனம் போன பிள்ளை எதை வைத்துப் பிழைத்தது? வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' தொடங்கும் முன்பே பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்கு ஓர் ஆள் ஏறியிருப்பார். அத்தனை பேரும் காத்திருந்தது வானொலி கூச்சப்பட்டு ஒதுக்கிய அதே திரைப்பாடலுக்காகத்தான். கிரிக்கெட்டும், 1987இல் வந்த ராமாயணத் தொடரும் கண்ணுக்கு விருந்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சன் தொலைக்காட்சியில் வீடுதோறும் பார்த்த 'பாட்டுக்குப் பாட்டு' எங்கிருந்து வந்தது? அதே அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்தியது அது. திரையில் கூடுதலாகக் கிடைத்தது பாடுபவரின் முகமும் பின்னால் தொங்கிய திரைச்சீலையும்தான்.

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அமர்கிறேன். இந்தியாவிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில்தான் தொடங்கியது. இரைச்சல் இல்லாத அந்த அலைவரிசையைக் கையில் வைத்துக்கொண்டே, நாடு முழுவதும் பரப்புவதற்கு வானொலி 1990கள் வரை காலம் கடத்தியது. 2001 முதல் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தபோது, வீட்டுக்கு வீடு கேபிள் இணைப்பு இருந்தது, நெடுந்தொடர்கள் கொடிகட்டிப் பறந்தன. அந்தக் காலத்தில் ஆட்டோவிலும் தையற்கடையிலும் தேநீர்க் கடையிலும் நாள் முழுக்க வானொலியை ஓடவிட்டவர்கள் யார்? படம்தான் வானொலியைக் கொன்றது என்றால் இவர்கள் கேட்டது எதை? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த மேடையிலேயே பதில் சொல்லட்டும்.