குழிகளுக்கு நடுவே ஒரு நடைபாதை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து யூட்டா எல்லை வரை ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. டேல் ஷீவால்ட்டர் என்னும் பள்ளி ஆசிரியர் 1985-இல் தெற்கு வடக்காக நடந்து பார்த்துத் தொடங்கிவைத்த முயற்சி அது. 2009-இல் தேசிய அங்கீகாரம் கிடைத்த பின்னரும், ஹீலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கெல்வின் என்னும் சிற்றூரை அடுத்த பகுதி முடியாமலே கிடந்து, 2011 இறுதியில்தான் இணைந்தது. அருகிலேயே ரே செப்புச் சுரங்கம் இருக்கும் வட்டாரம் அது. கைவிட்ட சுரங்கக் குழிகள் மறைந்து கிடக்கும் இத்தகைய பாலைநிலத்தில் பாதைக்கு வழி பார்ப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

கோலாலம்பூர்க்காரர்களான நமக்குக் கைவிட்ட சுரங்கம் என்றால் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். சுங்கை பீசியில் ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் ஏரியாகி, அதன் கரையில் இன்று வணிக வளாகமே நிற்கிறது. மழை பெய்யும் ஊரில் குழி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பாலையிலோ அது காய்ந்தே கிடக்கும். வாயை மூடிய பலகை உளுத்து, அதன்மேல் மண் படிந்து, புதரும் முளைத்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஆகவே வழி பார்ப்பவர் குழியைத் தேடுவதில்லை, குழியிலிருந்து வெளியே கொட்டிய கல்லைத் தேடுகிறார். சுற்றுப் பாறைக்கு ஒவ்வாத மஞ்சளும் துருநிறமுமாக, சில இடங்களில் செம்பின் பச்சைக் கறையோடு, சரிவில் ஒரு குவியல் வழிந்திருந்தால், அதன் உச்சியை ஒட்டிச் சுரங்க வாய் இருக்கும் என்று கொள்ளலாம். உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை கூடவே கூடாது. உயிர்வளி குறைந்த காற்று அங்கே தேங்கியிருக்கக்கூடும்.

பழைய சுரங்கச் சாலைகள் ஆயத்தமான பாதைகள்போல் மயக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. பல சாலைகள் செங்குத்தாக ஏறுவதால், கோடையின் திடீர் மழை அவற்றையே ஓடையாக்கிக்கொள்கிறது. நூறு மீட்டர் நடைக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஏறாமல், சரிவைக் குறுக்காக வெட்டிச் செல்லும் பாதையே நிலைக்கும். பொது நிலமாயினும் 1872-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுரங்கச் சட்டப்படி யாரேனும் அங்கே கனிம உரிமை கோரியிருக்கலாம் என்பதால், ஆவணங்களையும் புரட்டியாக வேண்டும்.

சிலாங்கூர்க் காட்டில் பாராங் கத்தியால் வெட்டாமல் பத்தடி தெரியாது. அரிசோனாவிலோ எதிர்க்குன்று முழுவதும் கண்முன் விரிகிறது. அதனால்தான் அவசரப்பட்டு, வழியைக் குறிக்கும் வண்ண நாடாவைக் கட்டிவிடத் தோன்றுகிறது. நாடா கட்டிய வழியை எதிர்த்திசையில் ஒருமுறையும், மழைக்காலம் கழிந்தபின் ஒருமுறையும் நடந்து பார்த்த பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும், ஏனெனில் ஒரே மழையில் மூடியிருந்த குழி வாய் திறந்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.