பாடிக்கொண்டே அடிக்கச் சொன்ன மாஸ்டர்

வணக்கம் உறவுகளே, இன்றைக்கு அலன் டோசன் என்ற ஜாஸ் ட்ரம்மரைப் பற்றிக் கதைக்க வேண்டும். 1963இல் பதினேழு வயதில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்த டோனி வில்லியம்ஸை ட்ரம்ஸ் பழகுகிற எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தப் பெடியனைச் சின்ன வயதிலேயே பொஸ்டனில் இருத்திப் பழக்கியவர் டோசன்தான் என்று சொன்னால் யார் அது என்று கேட்கிறார்கள், எனக்கு அதுதான் மனவருத்தம்.

1929இல் பிறந்தவர். 1957இலிருந்து 1975 வரை பொஸ்டனில் உள்ள பேர்க்லி இசைக் கல்லூரியில் படிப்பித்தார், நடுவில் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கோடும் சில வருடம் வாசித்தார். பிறகு முதுகு வருத்தம் வந்து பயணங்களைக் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே வகுப்பு. ட்ரம்மர் டெரி லின் கேரிங்டனும் அவரிடம் பழகியவர்தான். 1996இல் காலமானார்.

சரி, அவர் எப்படிப் பழக்கினார்? இங்கே பாருங்கோ. வலது கை ரைட் (ride) என்ற பெரிய சிம்பலில் சுவிங் என்ற ஜாஸ் தாளத்தை அடிக்கிறது, இடது கால் இரண்டாவது, நாலாவது அடிக்கு ஹை-ஹாட் என்ற சோடிச் சிம்பலை மூடுகிறது, இடது கை ஸ்நேர் என்ற சிறிய ட்ரம்மில் டெட் ரீட்டின் 1958ஆம் ஆண்டுத் தாளப் பயிற்சிப் புத்தகத்தில் உள்ள வரியை வாசிக்கிறது, இவ்வளவும் நடக்கும்போது வாய் ஒரு பாட்டின் மெட்டைப் பாட வேண்டும். அனேகமான பாட்டுகள் 32 பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று), எட்டு எட்டாக நாலு பகுதி. மூன்றாவது பகுதியில் மெட்டு மாறும், பழகுகிறவர்களுக்குக் குரல் அந்த இடத்தில்தான் அறும். அதைத் தாண்டிவிட்டால் தனியாக வாசிக்கிற சோலோவில் பார் எண்ணத் தேவையில்லை, பாட்டே இடத்தைச் சொல்லிவிடும்.

யாழ்ப்பாணத்து இணுவிலில் தவில் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கோ, சொற்கட்டு வாயில் வந்த பிறகுதான் கைக்கு வரும் என்பார்கள். அங்கே வாய் சொல்வது அடியை, டோசனிடம் வாய் பாடுவது அடிக்கு மேலே போகிற மெட்டை. வேலை வேறுதான், ஆனாலும் வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பழக்க இரண்டு பக்கமும் சம்மதிக்கவில்லை, எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

அடிப்படை அடிகளைக் கோத்து அமைத்த ருடிமென்டல் ரிச்சுவல் என்ற அவருடைய பயிற்சியை, தூரிகை போன்ற பிரஷ்ஷால் வாசிக்கச் சொல்வார். குச்சி தானாகத் துள்ளும், பிரஷ் அவ்வளவு துள்ளாது, மணிக்கட்டுத்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும்.

தொடங்குகிறவர்கள் தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கோ. முதலில் கால், அப்புறம் ரைட் சிம்பல், பிறகு பாட்டு, ஸ்நேர் கடைசியில். குரல் நின்றால் கையையும் நிறுத்திவிட்டு முதல் பாரிலிருந்து திரும்பத் தொடங்குங்கோ.