கொசுவுக்கு இலாகா கிடையாது

அவையோருக்கு வணக்கம். அழைப்பிதழில் சுகாதாரம், பருவநிலை, தொழில்நுட்பம் என்று மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். எனக்கு டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்ற ஒரே ஒரு கொசு போதும்.

ஐஸ்லாந்தில் 2025 அக்டோபரில் முதன்முறையாகக் கொசு அகப்பட்டது. மொத்தம் மூன்றே மூன்று, அதுவும் டெங்கு பரப்பாத இனம். உலகமெங்கும் செய்தியாகிவிட்டது! அதற்கு முந்தைய ஆண்டு உலகில் பதிவான டெங்கு 1.4 கோடிக்கும் மேல். அதுவரை இல்லாத எண்ணிக்கை. அதை எத்தனை பேர் படித்திருப்போம்?

நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் ஆகும். கொசுவின் ஆயுளோ சில வாரம்தான். பல கொசுக்கள் அதற்குள் செத்தே போகும். சூடு ஏறினால் இந்த இடைவெளி சுருங்குகிறது. பருவநிலை மாற்றம் டெங்குவுக்குள் நுழையும் வாசல் இது.

ஆனால் எல்லாப் பழியையும் வெயில் மேல் போட முடியாது. மழை பெய்தால் டெங்கு என்கிறோம். மழையே இல்லாவிட்டாலும் வரும். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத இடத்தில் மக்கள் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கத்தானே செய்வார்கள்? அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில், மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். முட்டைகள். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் அவை போகாது. காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். புகை அடிப்பதால் இந்த முட்டைக்கு ஒன்றும் ஆகாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கொசுவுக்கும் பெரிதாக ஆவதில்லை. புகை வண்டி வந்தால் நமக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா. பூச்சியினங்களில் ஏறத்தாழப் பாதியில் இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் ஏடிஸ் எஜிப்டியில் அது இயற்கையாகக் கிடையாது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஸ்காட் ஓநீலின் குழு பழ ஈயிலிருந்து அதை எடுத்து, நுண்ணிய ஊசியால் கொசு முட்டைக்குள் செலுத்தியது. அது குடியேறிய கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. இந்த பாக்டீரியா தாயிடமிருந்து முட்டைக்குப் போய்விடுவதால் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்துப் பாதியில் இந்தக் கொசுக்களை விட்டார்கள். 2021இல் முடிவு வந்தது: அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைவு.

என்னைக் கேட்டால், அங்கே ஊசியைவிடப் பெரிய வேலை வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்ததுதான். கொசு முட்டை போட்ட வாளியை உங்கள் வாசலில் வைக்கிறோம் என்றால் யார் சரி என்பார்கள்? இந்தக் கொசுவும் கடிக்கும், ஐயா. அதை மறைக்காமல் சொல்லித்தான் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: கொசு விட்ட தெருவில் அதே வாரம் இன்னொரு இலாகாவின் புகை வண்டி நுழைந்தால், விட்ட கொசுவும் சேர்ந்து சாகும். இது இரண்டு அலுவலகங்கள் தேதியைப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், ஆராய்ச்சிக் கூடத்தால் ஆகாது.