வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஒரு டேட்டாபேஸ், மும்பையில் அதன் நகல் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு கணக்கில் பணம் ஏறினால் அங்கேயும் ஏற வேண்டும். இப்படி நகலெடுக்கும் மென்பொருள்தான் ஐபிஎம்மின் க்யூ ரெப்ளிகேஷன். அதில், க்யூ கேப்சர் என்ற நிரல் டேட்டாபேஸின் லாகை, அதாவது மாற்றங்கள் பதிவாகும் கோப்பைப் படித்து, முடிந்த பரிவர்த்தனைகளை மெசேஜாகக் கட்டி வரிசையில் (க்யூ) போடும். அந்தப் பக்கம் க்யூ அப்ளை என்ற நிரல் அவற்றை எடுத்து நகலில் எழுதும். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது வரிசை கிட்டத்தட்ட காலியாகவே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வரிசைக்கு டிஸ்க்கில் இடத்தைக் குறைத்து ஒதுக்குகிறார்கள். நாம் இடம் ஒதுக்க வேண்டியது இணைப்பு அறுந்துபோகும் நாளுக்கு.

கணக்குப் போடுவோம். நொடிக்கு 50 மெசேஜ், ஒன்று 2 கிலோபைட். மணிக்கு 360 மெகாபைட் சேரும். வெள்ளி மாலை 6 மணிக்கு அறுந்த இணைப்பு திங்கள் காலை 10 மணிக்குத்தான் சரியாகிறது என்றால் 64 மணி நேரம், 23 ஜிபி. மாதக் கடைசி என்றால் இன்னும் கூடும். எழுத்தை எண்ணி மெசேஜின் அளவைப் போடுபவர்களுக்கு ஒன்று: ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 15 பைட் பிடிக்கும்.

சரி, டிஸ்க் இருந்தால் போதுமா? இந்த வரிசைகளை நடத்துவது எம்க்யூ என்ற ஐபிஎம் மென்பொருள். அதன் வரிசைக்கு மேக்ஸ்டெப்த் என்று, எத்தனை மெசேஜ் நிற்கலாம் என்ற எண்ணிக்கை வரம்பு உண்டு. லினக்ஸ், விண்டோஸ் போன்றவற்றில் நாம் மாற்றாவிட்டால் அது 5000. நம் கணக்கில் அது 100 நொடியில் நிறைந்துவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதில் மாட்டிக்கொண்டோம். டிஸ்க் பாதிக்குமேல் காலி, ஆனால் வரிசை நிறைந்துவிட்டது என்று பிழை வருகிறது. காரணம் பிடிபட ஓர் இரவு முழுக்க ஆயிற்று. அந்த 64 மணி நேரத்தில் சேரும் மெசேஜ் 1 கோடியே 15 லட்சம். வரம்பு அதற்கும் மேலே இருக்க வேண்டும்.

அப்புறம், தேங்கியது வடியும் நேரம். க்யூ அப்ளையால் நொடிக்கு 75 எழுத முடியும் என்றால், புதிதாக வரும் 50 போக, பழையதில் 25தான் குறையும். பாக்கி முழுவதும் தீர 128 மணி நேரம், அதாவது சனிக்கிழமை மாலை 6 மணி. வெள்ளி மாலை இணைப்பு மறுபடி அறுந்தால், 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய மெசேஜ்கள் அப்போதும் வரிசையில் நிற்கும். நான் இடம் ஒதுக்கும்போது அந்த மிச்சத்தையும் கூட்டித்தான் ஒதுக்குகிறேன்.