ஒரு பிக் ஓட்டினால் போதாதா?

சரி, அடுத்த கேள்வி. பிக் என்பது எண்ணெய், எரிவாயுக் குழாய்க்குள் ஓடிக்கொண்டே சுவரில் சேதம் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. "குழாய்க்குள்ள பிக் அனுப்பி முழு நீளத்தையும் ஸ்கேன் பண்ணிடுறாங்களே, அப்புறம் எதுக்கு நாலு இடத்துத் தகவலைச் சேர்த்துப் பார்க்கணும்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

எல்லாச் சேதத்தையும் பார்க்கிற பிக் என்று ஒன்று கிடையாது, அதுதான் காரணம். காந்தப் பிக் குழாய்ச் சுவரைக் காந்தமாக்கி, இரும்பு அரித்துப்போன இடத்தில் காந்தப்புலம் கசிவதைப் பிடிக்கும். அரிப்புக்கு அருமையான கருவி. ஆனால் வழக்கமான வகையில் புலம் குழாயின் நீளவாக்கில் ஓடுகிறது, விரிசலும் அதே வாக்கில் மயிரிழையாக இருந்தால் புலத்துக்குக் குறுக்கே எதுவும் வராது, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும். விரிசலுக்கு அல்ட்ராசானிக் பிக் இருக்கிறது, அதற்கோ ஒலி கடக்கத் திரவம் வேண்டும், எரிவாயுக் குழாயில் அப்படியே ஓட்ட முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 2010 ஜூலை 25 மாலை என்பிரிட்ஜ் கம்பெனியின் 30 அங்குல எண்ணெய்க் குழாய் வெடித்தது. அந்த இடத்தில் வெளிப்பூச்சு டேப் பிரிந்து, அரிப்பும் விரிசலும் ஒன்றாகவே இருந்தன. விரிசல் இருப்பதை 2005 ஆய்வே காட்டியிருக்கிறது! ஆனால் அரிப்பைத் தனியாக, விரிசலைத் தனியாகக் கணக்குப் போட்டதால் தோண்டிப் பார்க்கவில்லை. அரித்து மெலிந்த சுவரில் இருக்கிற விரிசல் வேறு கதை. மிச்சமிருக்கும் இரும்பே கொஞ்சம்தான், அதில் விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெடித்த அன்று ராத்திரியும் அதே பிழை. கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்தது, கசிவு இல்லை, குழாய்க்குள் எண்ணெய்க்கு நடுவில் ஆவி இடைவெளி விழுந்து தொடர் அறுபட்டதால் வருகிற அலாரம் என்று நினைத்துப் பம்பை இரண்டு முறை திரும்ப ஓட்டினார்கள். ஊர்க்காரர்கள் நாற்றம் அடிக்கிறது என்று அவசர எண்ணுக்குப் போன் செய்திருந்தார்கள். அழுத்தம் ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. கசிவு என்று தெரிவதற்குள் 17 மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது, எண்ணெய் கலமசூ ஆறு வரை இறங்கிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சேர்ப்பது என்றால் சராசரி எடுப்பது இல்லை, இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஒரு கருவி 'இருக்கிறது', இன்னொன்று 'இல்லை' என்றால், அந்த வகைச் சேதத்தைப் பார்க்கிற திறன் எதற்கு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னால் இடம் பொருந்த வேண்டும். பிக்கின் தூரம் அளக்கிற சக்கரம் வழுக்கும், வெறும் மீட்டர் கணக்கை நம்பினால் இரண்டு ரிப்போர்ட்டும் வேறு வேறு இடத்தைச் சொல்லும். குழாய்த் துண்டுகளை இணைக்கிற சுற்று வெல்டுகள் நகராது, அந்த வெல்டு எண்ணை வைத்து எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஷீட்டில் கொண்டுவாருங்கள். வெளிப்பூச்சு எங்கே கெட்டிருக்கிறது என்று மேலே மண்ணிலிருந்து எடுத்த சர்வே, முன்பு தோண்டிப் பார்த்தபோது கிடைத்த உண்மையான அளவு, எல்லாம் அதே வரிசையில் வரட்டும்.