மெக்கன்சியின் காகிதங்களும் பாளையக்காரர் வம்சாவளிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர் வரலாறு, குடும்ப வரலாறு பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எடுத்தால் முடியாத பொருள் அது. ஆகையால் ஒரே ஒரு மனிதர் சேர்த்து வைத்துவிட்டுப் போன காகிதங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் காகிதங்களிலும் எனக்குப் பிடித்த ஒரு பகுதியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அந்த மனிதர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்ற ஊரில் 1754இல் பிறந்தவர். 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குச் சென்னைக்கு வந்தார். தொழில் பொறியாளர் வேலை, நில அளவை. கோயம்புத்தூர், திண்டுக்கல் சீமைகளில் வேலை பார்த்தார். திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. 1815இல் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை அளவையாளர் ஆனார். 1821இல் கல்கத்தாவுக்கு அருகே காலமானார். உத்தியோக வரலாறு இவ்வளவு போதும்.

நிலத்தை அளக்கப் போன இடத்தில் எல்லாம் அந்த நிலத்தின் கதையையும் அவர் கேட்டார். இந்த ஊரை யார் கட்டினார்கள், எந்த அரசன் மானியம் விட்டான், கோயில் யாருடையது, பாளையக்காரன் எங்கிருந்து வந்தான், அவனுடைய பாட்டன் பூட்டன் யார் என்றெல்லாம் விசாரித்து எழுதி வாங்கினார். இப்படி ஊர்தோறும் எழுதி வாங்கிய விவரத்துக்குக் கைபீது என்று பெயர். குடும்பத்தின் தலைமுறை வரிசையைச் சொல்வது வம்சாவளி. இவற்றோடு கல்வெட்டுப் படிகள், செப்பேட்டுப் படிகள், ஓலைச்சுவடிகள், படங்கள், நாணயங்கள் என்று முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பின் அந்தச் சேகரிப்பை மனைவியிடமிருந்து கம்பெனி ஒரு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியது. வில்சன் என்ற வடமொழி அறிஞர் 1828இல் அதற்கு அட்டவணை வெளியிட்டார். இலக்கியச் சுவடிகள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218 என்று அந்தக் கணக்கு நீளுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெக்கன்சிக்கு நம் மொழிகளில் ஒன்றுகூடத் தெரியாது. அவரே 1817இல் இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். தனக்கு வாசலைத் திறந்துவிட்டவர் காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு பிராமண இளைஞர் என்றும் அதில் எழுதுகிறார். போரய்யா 1803இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார். இன்னொரு தம்பி ராமஸ்வாமியும் அதே வேலையில் இருந்தார். தமிழ்ச் சீமையில் அலைந்தவர்களில் அப்பாவு, நிட்டல நைனா என்பவர்களின் பெயர்கள் காகிதங்களில் வருகின்றன. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராகப் போய், கணக்குப் பிள்ளையிடமும் கோயில் அர்ச்சகரிடமும் ஜமீன் சம்பிரதியிடமும் கெஞ்சிக் கூத்தாடி எழுதி வாங்கியவர்கள் இவர்கள்தாம். எங்கே போனோம், யாரைக் கண்டோம், என்ன கிடைத்தது என்று இவர்கள் துரைக்கு அனுப்பிய அறிக்கைகளும் சேகரிப்பில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் கைபீதுகளைக் காட்டிலும் இந்த அறிக்கைகளே சுவையானவை. கம்பெனி ஆள் வந்து பழைய பத்திரம் கேட்கிறான் என்றால் ஊரார் என்ன நினைப்பார்கள்? வரியைக் கூட்டத்தான் வந்திருக்கிறான், மானியத்தைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். மூலச் செப்பேட்டைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். நாளைக்கு வா என்பார்கள்.

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. பாளையக்காரர் வம்சாவளிகளைப் படிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

நம் தென்பாண்டிச் சீமையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணோடு மண்ணாக்கினார்கள். அந்தப் பாளையத்தின் நிலத்தை எட்டயபுரம் முதலான, கம்பெனி பக்கம் நின்ற பாளையங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 1803இல் நிரந்தர வரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சிய பாளையக்காரர்கள் சனது என்ற உரிமைப் பத்திரம் வாங்கி ஜமீன்தார் ஆனார்கள். படை வைத்துக்கொள்ள முடியாது, காவல் வரி வாங்க முடியாது, கோட்டை கட்ட முடியாது. கையில் மிச்சம் இருந்தவை நிலம், பட்டம், பழம்பெருமை. இந்த நேரத்தில்தான் மெக்கன்சியின் ஆட்கள் வந்து, "உங்கள் வம்சம் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்பவன் யாருடைய ஆள் என்பது சொல்பவனுக்குத் தெரியும். எழுதுகிற காகிதம் எங்கே போகும் என்பதும் தெரியும்.

ஆகவே அந்த வம்சாவளிகளை நான் மனுக்களாகப் படிக்கிறேன். அரசாங்கத்துக்கு எழுதிய மனு எப்படி இருக்கும்? நான் இன்னாருடைய மகன், இந்த உரிமை எனக்கு இன்னாரால் கிடைத்தது, தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருகிறேன், இதில் இடையூறு செய்யாமல் இருக்க வேண்டும். வம்சாவளியின் எலும்பும் இதுதான். மேலே சதை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தச் சதையும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தொட்டிய நாயக்கர் பாளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோர் வடக்கே இருந்தார்கள். துருக்க அரசன் பெண் கேட்டான். கொடுக்க மனம் இல்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். குறுக்கே ஆறு வெள்ளமாக ஓடியது. கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகி வழி விட்டன. பிறகு விஜயநகரத்து ராயரிடம் சேர்ந்தார்கள். அங்கே ஒருவர் பெரிய மல்லனை வீழ்த்தினார், அல்லது புலியைக் குத்தினார், அல்லது யாராலும் பிடிக்க முடியாத கள்ளனைப் பிடித்தார். ராயர் மகிழ்ந்து பட்டமும் விருதும் கொடுத்தார். அதன்பின் விசுவநாத நாயக்கருடன் மதுரைக்கு வந்தார்கள், பஞ்ச பாண்டியரை அடக்கினார்கள், அரியநாத முதலியார் மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களில் ஒன்றைக் காவலுக்குக் கொடுத்தார். அது முதல் இது எங்கள் பாளையம். மறவர் பாளையங்களின் கதை வேறு தினுசு. அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே இருந்தவர்கள். சேதுபதிகளோ ராமபிரானே சேதுவைக் காக்க நியமித்த பரம்பரை என்பார்கள்.

இதையெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளியும் இருக்கிறார்கள். 1830களில் இந்தச் சுவடிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதிய வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் பல இடங்களில் உதட்டைப் பிதுக்குகிறார். அவருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன், பூச்சி அரித்துக்கொண்டிருந்த காகிதங்களில் பலவற்றை நல்ல காகிதத்தில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தவர் அவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி தவறு என்பது என் எண்ணம். புங்க மரம் வளைந்ததா என்று கேட்டு என்ன பயன்? எந்தப் பட்டத்தை எந்த அரசன் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள், எந்தத் தலைமுறையில் கதை நின்று பெயர்கள் மட்டும் வரிசையாக ஓடுகின்றன, எந்த எல்லைச் சண்டையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்று பாருங்கள். அப்போது 1800களில் அந்தக் குடும்பத்துக்கு எங்கே வலித்தது என்பது தெரிந்துவிடும்.

எல்லாமே மனுதான் என்று சொல்லிவிட முடியாது. செஞ்சியைப் பற்றியும் ஆர்க்காட்டு நவாபுகளைப் பற்றியும் நாராயணப் பிள்ளை என்பவர் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சரித்திரம் இந்தச் சேகரிப்பில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை நாட்டுப்பாடலாக மட்டுமே கேட்டவர்கள் இதைப் படிக்க வேண்டும். நாராயணப் பிள்ளைக்குக் காக்க வேண்டிய ஜமீன் எதுவும் இல்லை. எழுத்திலேயே அந்த நிதானம் தெரிகிறது.

வம்சாவளிகளின் வேலை கைபீதோடு முடியவில்லை. நீதிமன்றங்கள் வந்த பிறகு ஜமீன் குடும்பங்களுக்கு வாரிசு வரிசை உயிரைவிடப் பெரியதாகிவிட்டது. சிவகங்கை வாரிசு வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 1863இல் மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சிலில்தான் தீர்ந்தது. ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வென்றார். இந்த வழக்குகளின் காலத்திலேயே ஜமீன்கள் தங்கள் வரலாற்றைப் புலவர்களைக் கொண்டு அச்சிலும் ஏற்றத் தொடங்கின. எட்டயபுரத்தின் வரலாறாக சுவாமி தீட்சிதர் எழுதிய வம்சமணி தீபிகை 1879இல் வெளிவந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 1919இல், கடையத்தில் வறுமையில் இருந்த பாரதியார் எட்டயபுரம் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நூலின் நடை பிழைபட்டிருக்கிறது, நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்பது அதன் சாரம். அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. கட்டபொம்மன் வரும் பக்கங்களைப் பாரதி எப்படி எழுதியிருப்பார்!

மெக்கன்சியின் காகிதங்களுக்குத் திரும்புகிறேன். அவர் இறந்த பின் சேகரிப்பு துண்டாகியது. ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பல் ஏறியது. தென்மொழிக் கைபீதுகளும் வம்சாவளிகளும் சென்னைக்கு வந்தன. லட்சுமய்யா இந்த வேலையைத் தொடர்ந்து நடத்த அனுமதி கேட்டார். முப்பது ஆண்டு இதே வேலையில் ஊறியவர் அவர். அரசு கல்கத்தாவில் இருந்த ஆசியக் கழகத்தின் கருத்தைக் கேட்டது. ஓர் இந்தியரால் இதைச் செய்ய இயலாது என்கிற தொனியில் பதில் வந்தது. வேலை டெய்லருக்குப் போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மெக்கன்சி உயிரோடு இருந்திருந்தால் அப்படி ஒரு பதிலை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இனி, தங்கள் ஊரையோ குடும்பத்தையோ இந்தக் காகிதங்களில் தேட விரும்பும் நேயர்களுக்குச் சில விவரங்கள். தமிழ்க் கைபீதுகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. நேரே மூலத்துக்குப் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். தி. வை. மகாலிங்கம் தயாரித்த சுருக்கங்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1970களில் ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறது. முதல் தொகுதி தமிழும் மலையாளமும். அதில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. பழைய பாளையத்தின் பெயர், சீமையின் பெயர், பக்கத்துக் கோயிலின் பெயர் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பாளையப்பட்டுகளின் வம்சாவளிகள் சிலவற்றை நூலகமே அச்சிட்டும் இருக்கிறது.

மூலத்தைத் தொட்டால் எழுத்து மிரட்டும். புள்ளி இருக்காது. குறில் நெடில் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். நான்கு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டால் ஐந்தாம் பக்கத்தில் கண் பழகிவிடும். ஆண்டுக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சித்தார்த்தி வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1739ஆகவும் இருக்கலாம், 1799ஆகவும் இருக்கலாம், ஏனெனில் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். சாலிவாகன சகாப்தம் கொடுத்திருந்தால், ஆங்கில ஆண்டு தெரிய எழுபத்தெட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் கொடுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால், எழுதியவர் அந்த ஆண்டைப் பின்னால் யோசித்துச் சேர்த்திருக்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

உங்கள் குடும்பத்தின் பெயர் அதில் கிடைக்காமலும் போகலாம். பாளையம் ஆண்டவர்கள், மானியம் பெற்றவர்கள், கணக்கு எழுதியவர்கள் ஆகியோரைத் தேடியே அந்த ஆட்கள் போனார்கள். ஏர் பிடித்தவரின் பாட்டன் பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அதே ஊரின் நிலவரிக் கணக்கான செட்டில்மென்ட் பதிவேடும், பத்திரப்பதிவு அலுவலகத்தின் பழைய பத்திரங்களும்தான் கை கொடுக்கும். அவற்றில் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும்.

வணக்கம்.