ஒரே ஆய்வாளர், மூன்று பெயர்கள்

வணக்கம் நேயர்களே. பிள்ளையை உளவியல் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் பலர் இப்போது பேராசிரியரின் பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகள் ஸ்காலர் தளத்தில் தட்டிப் பார்க்கிறார்கள். அங்கே ஓரத்தில் ஹெச் இண்டெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். "இவருக்கு 40, அவருக்கு 12. அப்படியென்றால் இவர்தானே பெரிய ஆள்?" என்று என்னிடம் கேட்பார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்.

அந்த எண் என்ன சொல்கிறது? ஒருவருடைய கட்டுரைகளில் 12 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 12 முறை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருந்தால், அவருடைய எண் 12. அவ்வளவுதான். ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை உலகமே ஆயிரம் முறை மேற்கோள் காட்டினாலும் அவருக்கு 1தான்.

சரி, இதில் "ஒருவர்" என்கிறோமே, அந்த ஒருவர் யார் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பெயரை வைத்துத்தான். நம் பெயர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் 'சன் ஆஃப்' அல்லது 'டாட்டர் ஆஃப்', அப்புறம் அப்பா பெயர். கட்டுரைகளைத் திரட்டும் தரவுத்தளமோ கடைசியில் வருவதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளர். கலைவாணி என்று வைத்துக்கொள்வோம், அப்பா முத்துசாமி. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் நினைவாற்றலை ஆராய்கிறவர். முதல் கட்டுரைகளில் அவர் 'முத்துசாமி, கே.' வெளிநாட்டில் படித்தபோது தலைப்பெழுத்தை மட்டும் போட்டு 'கலைவாணி, எம்.' கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு மூன்றாவது ஆள். மூன்று பெயரிலும் தனித்தனியாக 5, 4, 3 என்று சின்னச் சின்ன எண்கள். போதாததற்கு, பல் மருத்துவரான அண்ணன் கார்த்திக்கும் 'முத்துசாமி, கே.'தானே! ஈறு நோய் பற்றிய அவருடைய கட்டுரைகள் தங்கையின் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தன.

அண்ணனுடையதை விலக்கி, மூன்று கலைவாணிகளையும் ஒன்றாக்கியபோது எண் 9 ஆனது. அதற்காக அவர் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. பதவி உயர்வுக் குழு ஒன்று அந்தப் பழைய 5ஐ மட்டும் பார்த்திருந்தால்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. எண்ணைப் பார்க்கும் முன் பட்டியலைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பட்டியல் சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு. "இந்த ஆய்வு அருமை" என்று மேற்கோள் காட்டினாலும் ஒன்று, "இது தவறு" என்று காட்டினாலும் ஒன்று. உளவியலில் இது சின்ன விஷயமில்லை. பெயர்பெற்ற உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை ஒரு பெரிய குழு மறுபடி செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி தெளிவான விளைவைக் காட்டியவை. திரும்பச் செய்தபோது அப்படிக் காட்டியவை 36 விழுக்காடுதான். டீடெரிக் ஸ்டாப்பல் என்ற டச்சு உளவியலாளர் தரவுகளை இட்டுக்கட்டியது 2011இல் வெளியே வந்தது. அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பிடிபடும்வரை அவரும் நிறைய மேற்கோள்கள் பெற்ற நட்சத்திரம்தான். ஆகவே, மறுபடியும் சொல்கிறேன், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். இரண்டு கட்டுரைகளின் சுருக்கத்தையாவது படியுங்கள்.

கலைவாணி செய்வதுபோல் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை மேற்கோள் காட்டும் வட்டமே சிறியது, அதனால் எண்ணும் சிறிதாகவே நிற்கும். உளவியல் ஆய்வில் கலந்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலை நாட்டவர் என்று 2010இல் ஜோசஃப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் இரு சகாக்களும் எழுதியது பெரும் விவாதமானது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி 2012இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கையையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கட்டுரை வந்த இதழின் தாக்க எண்ணை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற கணக்கை வைத்து ஆய்வாளரை எடை போடாதீர்கள் என்கிறது அது.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. 2012 முதல் கொடுக்கிறார்கள், இலவசம். பெயரை எப்படி எழுதினாலும், பிறகு மாற்றினாலும், அந்த எண் உங்களுடையது. முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே எடுத்துவிடுங்கள், தம்பி தங்கைகளே. வணக்கம்.